பாதி கறுப்பு, பாதி வெள்ளை: உங்களிடம் இருக்கும் பழைய குலச்சின்னப் பலகையை எப்படிப் படிப்பது?

படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இங்கிலாந்தில் குடியிருக்கும் தமிழர். ஒரு பழம்பொருள் கடையில் பழைய ஓவியப் பலகை ஒன்றை வாங்கியிருக்கிறார். சதுரப் பலகைதான், ஆனால் ஒரு மூலை மேலே வரும்படி சாய்த்து மாட்ட வேண்டியது. நடுவில் ஒரு கேடயம், நெடுக்கே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நாம் பார்க்கும்போது இடப்பாதியில் நீல நிறத்தின் மேல் கூரை முகடு மாதிரி ஒரு பொன்னிறப் பட்டை, அதைச் சுற்றி மூன்று பொன் நட்சத்திரங்கள், உச்சியில் ஒரு சின்னப் பிறை. வலப்பாதியில் வெள்ளையின் மேல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் சிவப்புச் சிங்கம். மேலே பக்கவாட்டில் திரும்பிய இரும்புத் தலைக்கவசம், அதன் மேல் அம்பைப் பிடித்த ஒரு கை. கீழே நாடாவில் 'ரெசுர்காம்' என்ற லத்தீன் சொல். கேடயத்துக்குப் பின்னால் இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு, வலப்பக்கம் முழுக்க வெள்ளை. இது எந்தக் குடும்பம், சிங்கத்துக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன பொருள், பின்னணி ஏன் இப்படி, வீட்டில் மாட்டலாமா, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருக்கிறார். தங்கள் வீட்டுப் பெயருக்கும் இப்படி ஒரு சின்னம் கிடைக்குமா என்பது மகளின் கேள்வியாம்.

பின்னணியிலிருந்தே தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றதில் பாதி தானே விளங்கிவிடும். உங்களிடம் இருப்பது வரவேற்பறை அலங்காரத்துக்காக எழுதிய சின்னம் இல்லை. ஒருவர் இறந்தபோது எழுதியது. ஆங்கிலேயர்கள் இதை ஹேட்ச்மென்ட் என்பார்கள். குலச்சின்னம் வைத்துக்கொள்ளும் உரிமையுள்ள ஒருவர் காலமானால், ஓவியரை அழைத்து இப்படியொரு பலகையை அவசரமாக எழுதி வாங்கி, அந்த வீட்டின் முன்வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ, துக்கம் கழியும்வரை அது அங்கேயே தொங்கும். பிறகு ஊர்த் தேவாலயத்துக்கு எடுத்துப்போய்ச் சுவரில் மாட்டிவிடுவார்கள். தெருவில் போகிற எவரும் அண்ணாந்து பார்த்தாலே அந்த வீட்டில் இறந்தது யார், அவர் துணை உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

எப்படி என்று பாருங்கள். இங்கிலாந்துக் குலச்சின்னத்தில் திருமணமான தம்பதியின் கேடயத்தை நெடுக்கே இரண்டாக்கி, கணவன் குடும்பச் சின்னத்தை வலப்பக்கத்திலும் மனைவியின் தகப்பன் குடும்பச் சின்னத்தை இடப்பக்கத்திலும் எழுதுவார்கள். இந்த வலமும் இடமும் கேடயத்தைக் கையில் பிடித்து அதன் பின்னால் நிற்பவருடையவை. நம் கோயில் சிற்பத்தில் வலக்கை என்றால் பார்க்கிறவனின் வலப்புறம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே, மூர்த்தியின் வலக்கைதானே. அதே கணக்கு இங்கும். ஆகவே நாம் பார்க்கும் இடப்பாதி கணவனுடையது, வலப்பாதி மனைவியுடையது. இறந்தவருடைய பாதிக்குப் பின்னால் கறுப்பு அடிப்பார்கள், உயிரோடு இருப்பவருடைய பாதிக்குப் பின்னால் வெள்ளை. உங்கள் பலகையில் கணவன் பக்கம் கறுப்பு, மனைவி பக்கம் வெள்ளை. கணவன் முதலில் இறந்திருக்கிறார். இந்தப் பலகை வாசலில் ஏறியபோது அந்த அம்மா உள்ளே இருந்திருக்கிறார்.

மனைவி முதலில் இறந்திருந்தால் நிறம் இடம் மாறியிருக்கும். அதோடு தலைக்கவசமும் அதன் மேலிருக்கும் உருவமும் பெரும்பாலும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு நாடா முடிச்சோ சிறகு வைத்த குழந்தை முகமோ இருக்கும். கவசமும் அதன் மேலுள்ள சின்னமும் போருக்குப் போன ஆணுக்குரியவை என்பது அவர்கள் கணக்கு. மனைவியை ஏற்கெனவே இழந்த கணவன் இறந்தால் கேடயம் இரண்டு பாதியாகவே இருக்கும், பின்னணி முழுக்கக் கறுப்பு. விதவை இறந்தாலும் முழுக்கக் கறுப்புதான், ஆனால் கேடயத்துக்குப் பதில் சாய்சதுரக் கட்டம் இருக்கும். மணமாகாத ஆண் என்றால் ஒரே குடும்பச் சின்னம் உள்ள கேடயம், மணமாகாத பெண் என்றால் அதே சின்னம் சாய்சதுரத்தில். இரண்டு மூன்று மனைவிகள் இருந்தவர்களுடைய பலகைகளில் பின்னணியை இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருப்பார்கள்; உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டனில் இத்தகைய பலகைகள் இன்றும் 4,000-க்கு மேல் இருக்கின்றன, பெரும்பாலும் கிராமத் தேவாலயச் சுவர்களில்.

இந்த வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. ஆனால் வந்த இடத்தில் தழைத்தது, பிறந்த இடத்தில் பட்டுப்போனது. 1795-இல் நெதர்லாந்தில் பழைய ஆட்சி கவிழ்ந்தபோது, சமத்துவத்துக்கு எதிரான அடையாளம் என்று தேவாலயங்களிலிருந்த குலச்சின்னங்களை அகற்ற உத்தரவிட்டார்கள்; ஏராளமான துக்கப் பலகைகள் அப்போது அழிந்தன. டச்சுக்காரர்கள் கடல் கடந்து கொண்டுபோனவற்றில் சில தப்பின. இலங்கையில் காலிக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுத் தேவாலயத்துக்குப் போனால் அத்தகைய மரப்பலகைகள் சுவரில் தொங்குவதை இன்றும் பார்க்கலாம். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள டச்சுக் கல்லறைகளில் இதே கேடயமும் கவசமும் கருங்கல்லில் செதுக்கியிருக்கின்றன. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களிலும் அப்படியே. மகளை ஊருக்கு அழைத்து வரும்போது ஒருமுறை காட்டுங்கள். இந்தப் பதிலைப் படித்த பிறகு அந்தக் கற்களில் பலவற்றை அவளே படித்துவிடுவாள்.

இனி சிங்கத்துக்கு வருவோம். இணையத்தில் தேடினால் சிங்கம் என்றால் வீரம், நட்சத்திரம் என்றால் உயர்ந்த நோக்கம், நீலம் என்றால் விசுவாசம், சிவப்பு என்றால் தியாகம் என்று நீளமான பட்டியல் கிடைக்கும். அதை அச்சடித்துச் சட்டம் போட்டு விற்கும் கடைகளும் உண்டு. தயவுசெய்து அதை நம்பி உங்கள் பலகையைப் படிக்காதீர்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை சின்னங்கள் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழித்து, முக்கியமாக 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் தங்கள் கற்பனையில் ஏற்றிச் சொன்னவை. ஒரு நூல் சொல்வதை இன்னொன்று மறுக்கும். குலச்சின்னம் தோன்றிய காலத்தில் அதன் வேலை ஒன்றுதான்: இவர் இன்னார், இன்னாருடைய பிள்ளை, இன்னார் வீட்டில் பெண் எடுத்தவர் என்று காட்டுவது. மனிதனுடைய குணத்தைப் பற்றி அது ஏதும் சொல்வதில்லை. உறவைத்தான் சொல்கிறது, அதை வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்கிறது.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று சிங்கங்களே. பிரான்ஸில் ஆன்ஜு பகுதியின் பிரபு ஜெஃப்ரி 1151-இல் இறந்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் தகப்பனார். அவர் நினைவாகச் செய்த எனாமல் தகடு ஒன்று ல மான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் கையில் நீலக் கேடயம், கேடயத்தில் பொன் சிங்கங்கள். 1128-இல் மாமனார் முதலாம் ஹென்றி அவரை வீரராக்கியபோது பொன் சிங்கங்கள் தீட்டிய கேடயத்தைக் கழுத்தில் மாட்டினார் என்று பின்னாளில் ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு மட்டும் என்றால் அது ஓர் அழகான கேடயம், அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்துக்குப் போனால், 1226-இல் இறந்த வில்லியம் லாங்எஸ்பே என்பவரின் கல்லறைச் சிலை படுத்திருக்கிறது. அவர் கேடயத்திலும் நீலத்தின் மேல் பொன் சிங்கங்கள். வில்லியம் யார்? இரண்டாம் ஹென்றிக்கு மணத்துக்கு வெளியே பிறந்த மகன், அதாவது ஜெஃப்ரியின் பேரன். தாத்தாவின் கேடயத்தைப் பேரன் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு போர்க்கருவியின் மேலிருந்த ஓவியம் சொத்தைப் போலத் தலைமுறை தாண்டி இறங்குகிறது. ஐரோப்பியக் குலச்சின்ன மரபு வேர் பிடித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டு கேடயங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாவது சான்று ஒரு வழக்கு. 1385-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்தபோது, அவர் படையில் இருந்த ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் க்ரோவ்னர் என்ற இருவரும் ஒரே சின்னத்தோடு நின்றார்கள்: நீலத்தின் மேல் குறுக்கே சாயும் ஒற்றைப் பொன் பட்டை. வழக்கு வீரர்களுக்கான தனி நீதிமன்றத்துக்குப் போய் 1390 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகள். அவர்களில் ஒருவர் கவிஞர் சாசர். 1386-இல் அவர் சொன்ன சாட்சியம் பதிவாகியிருக்கிறது. லண்டனில் ஃப்ரைடே தெரு வழியாக நடந்து போனபோது ஒரு விடுதிக்கு வெளியே அந்தச் சின்னம் தொங்குவதைப் பார்த்தாராம். ஸ்க்ரோப் இங்கேயா தங்கியிருக்கிறார் என்று விசாரித்தாராம். ஸ்க்ரோப்புடையது இல்லை ஐயா, க்ரோவ்னருடையது என்று பதில் வந்ததாம். அந்தப் பெயரையே அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன் என்கிறார். கவனியுங்கள்: அந்தப் பொன் பட்டைக்கு என்ன பொருள் என்பது வழக்கே இல்லை. யார் முதலில் அணிந்தார், எந்தப் போரில் அணிந்தார், யார் பார்த்தார் என்பதுதான் வழக்கு. ஸ்க்ரோப் வென்றார். க்ரோவ்னர் அந்தப் பட்டையை விட்டுவிட்டு நீலத்தின் மேல் பொன் கோதுமைக் கதிர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் வம்சத்தார்தான் இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகள். அந்தக் கதிர்க்கட்டு இன்றும் அவர்கள் சின்னத்தில் இருக்கிறது.

அப்படியானால் உருவங்களுக்குப் பொருளே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அது வேறு வகை. ஒன்று, பெயரைப் படமாக்குவது. 1596-இல் ஜான் ஷேக்ஸ்பியருக்கு, அதாவது நாடகாசிரியரின் தகப்பனாருக்கு வழங்கிய சின்னத்தில் பொன் கேடயத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதன் மேல் ஓர் ஈட்டி. அவர் பெயரின் பின்பாதிக்கு ஈட்டி என்று பொருள், அதனால் ஈட்டி. ஸ்பெயினின் காஸ்டீல் அரசுக்குக் கோட்டையும் லியோன் அரசுக்குச் சிங்கமும் இதே வழியில் வந்தவை. பெயர் தெரியாத ஒரு சின்னத்தைப் பார்த்தால் முதலில் உருவங்களின் பெயர்களை அந்த நாட்டு மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல நேரம் குடும்பப் பெயரே வந்து விழும்.

இன்னொன்று, பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்காக வழங்கப்பட்டவை. இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் படையின் தளபதி ஜார்ஜ் ஹாரிஸ். அவரைப் பின்னாளில், 1815-இல், பாரன் ஆக்கினார்கள். அவர் கவசத்தின் மேலிருக்கும் உருவம் ஒரு புலி. தலையில் கீழைநாட்டுக் கிரீடம், நெஞ்சில் பாய்ந்த அம்பு. திப்புவின் புலி அது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. புலி என்றால் வீரம் என்ற பட்டியலை வைத்து இதைப் படித்தால் கதையே தலைகீழாகிவிடும்: அங்கே புலி வெல்லவில்லை, வீழ்த்தப்பட்டது. ஒரு குடும்பம் தன் வீட்டுத் தட்டிலும் வண்டியிலும் கல்லறையிலும் திப்புவின் சாவைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்துக்கொண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. சின்னத்தை அலங்காரமாக மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது.

உங்கள் பலகைக்குத் திரும்பலாம். உச்சியில் இருக்கும் பிறைக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்து வழக்கில் ஒரு வீட்டின் இரண்டாம் மகனுடைய அடையாளம் அது. மூத்தவனுக்குக் கால்கள் தொங்கும் ஒரு பட்டி, இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு நட்சத்திரம், நாலாமவனுக்குக் காலில்லாத சிறு பறவை, ஐந்தாமவனுக்கு வளையம் என்று வரிசை போகும். ஆகவே இறந்தவர் இரண்டாம் மகன், அல்லது ஒரு இரண்டாம் மகனின் கிளையில் வந்தவர். கேடயத்தின் மூன்று பெரிய நட்சத்திரங்களை இந்த வரிசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை குடும்பச் சின்னத்தின் பாகம். சின்ன அளவில், தனியாக, உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பிறப்பு வரிசை அடையாளம்.

தலைக்கவசம் பக்கவாட்டில் பார்க்கிறது, முகமறைப்பு மூடியிருக்கிறது. அப்படியென்றால் பட்டம் இல்லாத கனவான். சர் பட்டம் உள்ளவர் என்றால் கவசம் நேரே பார்த்து முகமறைப்பு திறந்திருக்கும். பிரபு என்றால் வெள்ளிக் கவசத்தில் பொன் கம்பிகள், கேடயத்துக்கு இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்குகள் அல்லது மனிதர்கள், ஒரு குறுமுடி. உங்களுடையதில் அவை எதுவும் இல்லை. கிராமத்தில் நிலபுலனோ நகரத்தில் நல்ல வியாபாரமோ உள்ள ஒருவராக இருந்திருப்பார். 'ரெசுர்காம்' என்றால் 'மீண்டும் எழுவேன்'. உயிர்த்தெழுதல் நம்பிக்கை. இது குடும்ப வாசகம் இல்லை. துக்கப் பலகைகளில் பொதுவாக எழுதுவது. இதை வைத்துக் குடும்பத்தைத் தேட முயன்றால் நாள் வீணாகும்.

தேடத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது: நிறங்களை உறுதிப்படுத்துங்கள். குலச்சின்னத்தில் நிறம் மாறினால் குடும்பமே மாறிவிடும். நீலத்தின் மேல் பொன் பட்டை ஒரு வீடு, கறுப்பின் மேல் பொன் பட்டை வேறு வீடு. பழைய பலகைகளில் கண் பார்ப்பதை அப்படியே நம்ப முடியாது. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, வெள்ளையைப் பொன்னாகக் காட்டும். நீலம் கறுத்து, கறுப்போடு வித்தியாசம் தெரியாமல் போகும். செம்பு கலந்த சில பச்சைகள் பழுப்பாகிவிடும். வெள்ளித் தகடு ஒட்டியிருந்தால் அது கறுத்திருக்கும். அதனால்தான் பெரும்பாலான ஓவியர்கள் வெள்ளிக்குப் பதில் வெள்ளை வண்ணமே அடித்தார்கள். குலச்சின்னத்தில் வெள்ளையும் வெள்ளியும் ஒன்றுதான், மஞ்சளும் பொன்னும் ஒன்றுதான்.

இதைச் சோதிக்க நல்ல இடம் சட்டத்தின் உள்விளிம்பு. சட்டம் ஓவியத்தின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் மறைந்த கீற்றில் வெளிச்சமும் புகையும் அதிகம் படவில்லை. பக்கவாட்டிலிருந்து கைவிளக்கை அடித்து, விளிம்பு இடுக்கில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் கீழ்மூலையில் சட்டம் கொஞ்சம் விலகியிருக்கிறது. அங்கே பின்னணி வெள்ளை சுத்தமான வெள்ளையாகத் தெரிகிறது, வெளியே வந்ததும் தேன் நிறமாகிறது. சிங்கத்தின் பின்னாலிருக்கும் நிறமும் அதே தேன் நிறம்தான். எனவே அதை வெள்ளி என்று எடுத்துக்கொள்வதே சரி, பொன் இல்லை. இன்னொரு துணையும் உண்டு. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா வண்ணம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது என்பது பழைய விதி. தூரத்திலிருந்து பார்த்தால் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக. ஜெருசலேம் அரசின் வெள்ளி மேல் பொன் சிலுவை மாதிரிச் சில விலக்குகள் புகழ்பெற்றவை, ஆனால் அபூர்வம். நீங்கள் படித்த நிறங்கள் இந்த விதியை மீறினால், வார்னிஷ்தான் ஏமாற்றுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அதே குடும்பத்தின் வெள்ளிக் கரண்டியோ முத்திரையோ புத்தகத்தில் ஒட்டும் சீட்டோ எங்காவது கிடைத்தால் நிறமில்லாமலேயே நிறத்தைப் படிக்கலாம். புள்ளிகள் இட்டிருந்தால் பொன், வெறுமையாக விட்டிருந்தால் வெள்ளி, நெடுக்குக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கறுப்பு. இத்தாலிய ஏசு சபைத் துறவி சில்வெஸ்த்ரோ பியத்ரா சாந்தா 1638-இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது. இன்றும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது குடும்பம். இடப்பாதியை மட்டும் வைத்துத் தேடினால் பல பெயர்கள் வரும், ஏனென்றால் பட்டையும் மூன்று நட்சத்திரமும் மிகச் சாதாரணமான அமைப்பு. வலப்பாதிச் சிங்கம் அதைவிடச் சாதாரணம். ஆனால் இந்த வீட்டு ஆணும் அந்த வீட்டுப் பெண்ணும் மணந்துகொண்டது எத்தனை முறை நடந்திருக்கும்? அதோடு, கணவன் இரண்டாம் மகன் கிளை. கணவன் முதலில் இறந்திருக்கிறார். மேலே அம்பு பிடித்த கை. இத்தனையும் ஒரே ஆளிடம் சேர்வது அநேகமாக ஒருமுறைதான். பெயரிலிருந்து சின்னத்தைத் தேடும் அகராதிகள் பல உண்டு. உங்களுக்கு வேண்டியது சின்னத்திலிருந்து பெயரைத் தேடுவது. பிரிட்டனுக்கு அந்த வகையில் 1874-இல் வந்த பாப்வொர்த் தொகுப்பு இன்றும் உதவுகிறது, பெரிய நூலகங்களில் இருக்கும். அதிலிருந்து இரண்டு பாதிக்கும் பெயர்ப் பட்டியல் எடுத்துக்கொண்டு, பிறகு திருமணப் பதிவுகளில் இரண்டு பட்டியலும் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள்.

பலகையின் காலத்தை ஓரளவு கணித்தால் தேடல் சுருங்கும். 17ஆம் நூற்றாண்டுப் பலகைகள் சிறியவை, சட்டம் ஒடுங்கியது, சட்டத்தில் மண்டையோடும் மணற்கடிகாரமும் எழுதியிருப்பார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பலகை பெரிதாகி, சட்டம் அகன்று வெறும் கறுப்பானது. சிலவற்றில் கறுப்புத் துணி சுற்றி ஆணி அடித்திருப்பார்கள். உங்களுடையது இந்தப் பிற்கால வகை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கமே அருகிவிட்டது. பின்பக்கத்தையும் படம் எடுங்கள். பலகையின் மரம், துணியின் நெசவு, ஆணி, ஒட்டியிருக்கும் பழைய சீட்டு, யாரோ கரியால் கிறுக்கிய பெயர் எல்லாமே சான்று. கடைக்காரர்கள் சுத்தமாக இருக்கட்டும் என்று பின்பக்கத்தில் புதுத் தாள் ஒட்டுவதுண்டு. அப்படி இருந்தால் நீங்களாகக் கிழிக்க வேண்டாம்.

மகளின் கேள்விக்குப் பதில்: குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு இறங்குகிறது. அதே பெயருள்ள மற்றவர்களுக்கு அதில் உரிமையில்லை. ஸ்மித் குடும்பச் சின்னம் என்று கோப்பையில் அச்சடித்து விற்பது ஏதோ ஒரு ஸ்மித்துக்கு என்றோ வழங்கியது. ஸ்காட்லாந்தில் இது இன்னும் கண்டிப்பு. 1672-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாச் சின்னங்களும் பதிவேட்டில் இருக்க வேண்டும், அடுத்தவர் சின்னத்தைப் பயன்படுத்துவது குற்றம். ஆனால் நீங்களே புதிதாக ஒன்று பெற வழி இருக்கிறது. 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் சாசனம் கொடுத்துத் தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது குலச்சின்னங்களை வழங்கும் அமைப்பு, இன்றும் லண்டனில் இயங்குகிறது. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கணிசமானது. ஏற்றுக்கொண்டால் தோல்தாளில் கையால் தீட்டி, முத்திரை தொங்கவிட்ட ஆவணம் தருவார்கள். என்ன உருவம் வைப்பது என்று உங்களோடு பேசித்தான் முடிவு செய்வார்கள். மகளை ஒரு தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். உலோகம், வண்ணம் விதியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

வீட்டில் மாட்டலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். துக்கத்துக்கு எழுதியது என்று தெரிந்த பிறகு தயக்கம் கூடியிருக்கலாம், அது உங்கள் வீட்டாரின் மனதைப் பொறுத்தது. மாட்டுவதானால் குளிர்காய்கிற அடுப்புக்கு மேலும் ஈரச் சுவரிலும் வேண்டாம், நேர் வெயிலும் படக்கூடாது. சூடும் ஈரமும் மாறி மாறி வந்தால் மரம் விரிந்து சுருங்கி வண்ணம் செதில் செதிலாக உதிரும். இவை ஒரு சாவு வீட்டுக்காகச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தவை. பெரிய ஓவியங்களுக்குப் போடும் அடித்தளப் பூச்சை இவற்றில் எதிர்பார்க்க முடியாது, ஆகவே ஓவியம் மெலிதாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரத் துணி, சோப்பு நீர், உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி என்று இணையத்தில் சொல்வது எதையும் செய்யாதீர்கள். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டலாம், அதுவும் வண்ணம் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை என்றால் மட்டும். அந்தத் தேன் நிற வார்னிஷை எடுப்பது ஓவியப் பாதுகாப்பு நிபுணரின் வேலை. கறுப்பு, வெள்ளைப் பின்னணி சேருமிடத்தில் கீறிப்பார்க்கும் ஆசை வேண்டாம். அந்தக் கோடு போய்விட்டால் யார் முன்னால் இறந்தார் என்ற செய்தியே போய்விடும்.

ஒரே ஒரு விஷயத்தைச் சீக்கிரம் செய்யுங்கள். இங்கிலாந்துத் தேவாலயத்தில் இருந்த பொருளை, அந்த மறைமாவட்டத்தின் முறையான எழுத்து அனுமதி இல்லாமல் பாதிரியாரோ வேறு யாருமோ விற்க முடியாது. துக்கப் பலகைகளில் பெரும்பாலானவை கடைசியில் தேவாலயத்துக்குத்தான் போயின என்பதால், உங்களுடையது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். குடும்ப வீடு ஒன்றிலிருந்து வந்தது என்றால் அந்த வீட்டின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் தேடலில் பாதி அங்கேயே முடியும். தேவாலயத்திலிருந்து என்றால் எந்த ஊர், விற்பனைக்கு அனுமதி ஆவணம் உண்டா என்று கேளுங்கள். பதில் வந்ததும் இரண்டு பக்கப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள், சேர்ந்தே தேடலாம்.